பக்கத்துல உட்கார்ந்து ஆடறவன்

— காலையில இருந்து இதே சத்தமாடா? டுப் டுப்புன்னு காது கிழியுது. பெத்த அப்பாவை டி.வி. முன்னாடி உட்கார வச்சு, கையில வீடியோ கேமைக் குடுத்திருக்கியே, நல்லா இருக்கா இது?

— அவர்தான் கேட்கறார் அக்கா. பிடுங்கினா அழறார்.

— பூதம் மேலேர்ந்து இறங்குது, இவர் கீழேர்ந்து சுடறார். செத்தா இன்னொரு பூதம். இதுல என்னடா இருக்கு?

— ஒண்ணுமே இல்ல, அதான் விஷயம். சீரியல் போட்டேன், அவ யாரு, இவ யாருன்னு கேட்டுக் கேட்டுக் கத்தினார். பேப்பர் குடுத்தேன், ஒரு வரி முடியறதுக்குள்ள அதோட ஆரம்பம் மறந்துடுது. இதுல ஞாபகம் வச்சுக்க எதுவும் கிடையாது. வந்தா சுடணும், அவ்வளவுதான். உன் பேரும் போச்சு, என் பேரும் போச்சு, இது மட்டும் கைக்கு வருது.

— அவருக்கு மூளை கலங்கிப்போச்சு. உனக்கென்ன? தலை நரைச்சும் பக்கத்துல உட்கார்ந்து நீயும் ஆடறியாமே. உன் பொண்டாட்டி என்கிட்ட சொல்லி அழறா.

— எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே பிடிக்கும். பூதம் எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்னு இதுல தெரியும். நம்ம வீட்ல அது தெரியாது.

— ஆரம்பிச்சுட்டியா?

— இந்த விரலைப் பாரு. இன்னும் நிமிரல. கேம் கடையிலேர்ந்து தரதரன்னு இழுத்துட்டு வந்து, பட்டன் அழுத்தற விரல் எதுன்னு கேட்டு ஒடிச்சார். சைக்கிள்லேர்ந்து விழுந்துட்டான்னு டாக்டர்கிட்ட சொன்னது நீ.

— அம்மா சொல்லச் சொன்னா. எனக்கும் பயம்டா.

— தெரியும்.

— ஓஹோ, அதுக்குத்தான் இப்ப பழி வாங்கறியா? நான் சொல்றேன், நீ நல்லா இருக்க மாட்ட. இன்னிக்கே அப்பாவை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.

— தாராளமா கூட்டிட்டுப் போ. எதுக்காக இங்க வச்சிருந்தேனோ அது இனிமே நடக்காது.

— எதுக்காக வச்சிருந்த?

— இந்தச் சத்தத்தைக் கேட்டாலாவது அன்னிக்குப் பண்ணது ஞாபகம் வரும்னுதான் கேமையே வாங்கினேன். தப்புப் பண்ணிட்டேண்டான்னு ஒரே ஒரு வார்த்தை. அது போதும்னு இருந்தேன்.

— அவருக்கு எங்கேடா ஞாபகம் வரப்போகுது, பைத்தியக்காரா?

— நேத்து ஆடிட்டிருக்கும்போது என் கையைப் பார்த்துட்டார். பார்த்ததும் ஆட்டத்தை அப்படியே விட்டுட்டு, விரலைப் பிடிச்சுத் தடவினார். “யாருப்பா இப்படி ஒடிச்சது?”ன்னார். “எங்கப்பா”ன்னேன்.

— அய்யோ. என்னடா சொன்னார்?

— கண்ணெல்லாம் தண்ணி. “அவனெல்லாம் மனுஷனா? சத்தத்தைக் குறைச்சு வை தம்பி. உங்கப்பன் வந்தா என் பின்னாடி ஒளிஞ்சுக்கோ, நான் பார்த்துக்கறேன்”ன்னார்.