தேறிவிட்ட பர்மாப் பையன்

"அந்தப் பர்மாப் பையன் பாஸாயிட்டான்" என்று எதிரில் இருந்தவர் சாவுச் சேதி சொல்வதுபோல் சொன்னார். காட்பாடியில் ரயில் ஏறியதிலிருந்து அவர் வாயைத் திறந்தது அப்போதுதான். வேலூர்க் கல்லூரி ஒன்றில், கடல் தாண்டி வரும் மாணவர்களுக்கு முதல் வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துத் தேற்றிவிடும் வாத்தியார் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. பக்கத்தில் அவருடைய மைத்துனன்.

"நல்ல சேதிதானே மாமா?"

"என் கிளாஸ்ல அவன் ஒருத்தன்தான் மிச்சம். ரங்கூன்லேர்ந்து புதுசா யாரும் வரலை. அவனும் மேல போய்ட்டா கிளாஸை மூடிடுவேன்னு பிரின்சிபால் துரை அப்பவே சொல்லிட்டாரு."

"ஃபெயில் போட்டிருக்கலாமே. பேப்பர் திருத்துறது நீங்கதானே?"

"போட்டுடலாம்னுதான் உக்காந்தேன். வந்த புதுசுல இன்னா கேட்டாலும் தலையை ஆட்டுவான். சாப்டியான்னு கேட்டா அதுக்கும் ஆட்டுவான், பட்டினியா இருப்பான். இப்ப அவன் எழுதினதுல தப்பு தேடித் தேடிப் பாத்தேன், ஒண்ணும் கிடைக்கலை. எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது."

ஆம்பூர் நெருங்கியது. தோல் நாற்றம் ஜன்னல் வழியே உள்ளே வந்தது. பெட்டியில் ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை.

"எங்க தோல் மண்டியில உங்களுக்கு ஒரு வேலை கேட்டுப் பாக்கட்டா மாமா?"

"கேளு."

"பாஸானதுக்குப் பையன் இன்னா சொன்னான்?" என்றான் மைத்துனன்.

"அடுத்த வருஷமும் நீங்கதானே சார் எனக்குன்னு கேட்டான்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்."