நியாண்டர்தாலோட முதுகு

தாராளமா சிலைய அளவெடுங்க மேடம். கயித்தைத் தாண்டி உள்ளயே வாங்க, உங்கள யாரு கேக்கப் போறா? கேக்க வேண்டிய ஆளே நாந்தான். இருபத்திரண்டு வருஷமா மியூசியத்துல இந்த ஹாலுக்குக் காவல். தொடாதீங்க தொடாதீங்கன்னு சொல்லியே தொண்டை போச்சு.

யாரு, அந்த மூலை பெஞ்சுல இருக்கிற பெரியவரா? இருக்கட்டும் மேடம். டிக்கெட் வாங்கிட்டுத்தான் உள்ள வந்திருக்காரு. நம்ம வேலைக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல.

ஆமா, நியாண்டர்தால். வேலைக்குச் சேந்த புதுசுல இந்தப் பேரு வாயிலயே நுழையல. இப்பத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நாப்பதாயிரம் வருஷத்துக்கு முன்னாடி பூண்டோட அழிஞ்சு போன ஆதி மனுசன், முதுகு வளைஞ்சவன், கொஞ்சம் முட்டாள். முட்டாள்னு போர்டுல இல்லையா? நல்லா வாசிங்க மேடம். நிமிர்ந்து நிற்கும் கலையை முழுமையாகக் கற்காதவன்னு போட்டிருக்கு பாருங்க. மரியாதையாத் திட்டியிருக்காங்க, அவ்வளவுதான்.

டீச்சருங்க பசங்களக் கூட்டிட்டு வருவாங்க. பாத்தீங்களா, குனிஞ்சு கெடந்தவன் அழிஞ்சான், நிமிந்தவன் ஜெயிச்சான்னு பாடம் நடக்கும். பசங்க அத்தனை பேரும் போன்ல குனிஞ்சுக்கிட்டே, ஆமா டீச்சர்ம்பாங்க. எனக்குச் சிரிப்பு வந்துரும். வேலைல இருக்கறப்போ சிரிக்கக் கூடாது, ரூல்.

நேத்து நீங்க ஆபீஸ்ல பேசினத நானும் கேட்டேன், ஒளிஞ்சு நின்னு இல்ல, டீ கொண்டாந்தப்போ. அந்தக் காலத்துல தோண்டி எடுத்தது ஒரு வயசாளியோட எலும்பாமே? மூட்டு தேஞ்சு, முதுகெலும்பு வீணாப் போயி, அதனால வளைஞ்ச ஆளாம். அவரு ஒருத்தர வெச்சு மொத்தக் கூட்டமும் கூனுன்னு முடிவு பண்ணிட்டாங்களாமே! நம்ம தெருவுல எனக்கு மூட்டு வலின்னா, நம்ம சாதிசனம் மொத்தமும் நொண்டின்னு எழுதி வெச்ச கதையால்ல இருக்கு. அந்தத் தப்பு நான் பொறக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சா? இருக்கும் மேடம், இருக்கும். எங்க ஆபீசுக்கு எந்தச் சேதியும் மெதுவாத்தான் வந்து சேரும்.

இன்னொண்ணும் சொன்னீங்க. நெறைய பேரு உடம்புல அவங்க பங்கு நூத்துக்கு ரெண்டு இன்னும் இருக்காமே? பூண்டோட அழிஞ்சவன் எப்படி வந்தான்? பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்திருக்காங்க மேடம். அப்புறம் கேட்டா, அவங்க யாருன்னே தெரியாதும்போம். எங்க வீட்லயும் ரெண்டு சித்தப்பா அப்படித்தான், விசேஷத்துக்குக்கூடச் சொல்றதில்ல.

இப்ப டைரக்டரு இவரத் தூக்கிப் பின்னாடி கொட்டாய்ல போட்டுட்டு, இந்த எடத்துல பெரிய டிவி மாட்டிரலாம்ங்கறாரு. நீங்க எழுதிக் குடுக்கறதுதான் முடிவாம். அதான் காலைலேந்து உங்க காலச் சுத்திக்கிட்டுக் கெடக்கேன்.

தூக்க வேணாம் மேடம். நிமித்திரலாம். நெசமாத்தான். இங்க, இடுப்புக்குக் கீழ தொட்டுப் பாருங்க, ஒரு வரி தெரியுதா? ரெண்டு துண்டாச் செஞ்சு இங்கதான் முடுக்கியிருக்காங்க. உள்ள இரும்புக் கம்பி. அறுத்து நேராக்கி ஒட்ட வெச்சா முடிஞ்சது. வாரா வாரம் தூசி தட்டறேனே, எனக்குத் தெரியாத எடம் இவரு உடம்புல இல்ல.

இத வார்த்த சிற்பி ரொம்பக் கறாரு. புஸ்தகப் படத்துல இருக்கற மாதிரியே குனிஞ்சு நிக்க ஆள் வேணும், மேல பிளாஸ்டர் மாவப் பூசி அச்செடுக்கணும்னாரு. மூணு பேர நிக்க வெச்சாங்க. அரை மணி நேரம், இடுப்பு போச்சுன்னு ஓடிட்டானுங்க. கடைசில இங்கயே வேலை பாத்த தச்சர் ஒருத்தர் மாட்டினாரு. பொழுதன்னைக்கும் அசையாம நின்னாரு. சிற்பி அசந்துட்டாரு. எப்படிய்யா இப்படி நடிக்கறன்னு கேட்டாராம். அவரு எங்க நடிச்சாரு? லிஃப்ட் இல்லாத கட்டடத்துல கண்ணாடிப் பெட்டியெல்லாம் முதுகுல சுமந்து மாடி ஏத்தினவரு. அவருக்கு வேற மாதிரி நிக்கவே வராது.

அதே மாசம் டாக்டர் பரிசோதனை. நிமிர்ந்து நிற்க இயலாதவர், பணிக்குத் தகுதி இல்லைன்னு காயிதம் குடுத்து அனுப்பிட்டாங்க. மறுவாரம் இங்க ரிப்பன் வெட்டித் திறப்பு விழா. நிமிர முடியாதவர வெளிய தள்ளிட்டு, அவரு கூன உள்ள வெச்சுக் கை தட்டினாங்க. நானும் தட்டினேன் மேடம். வேலைல சேந்து மூணாவது நாள். அந்தக் கை தட்டலுக்கு இன்னிக்கும் வெக்கப்படறேன்.

அந்த எலும்புக்காரருக்குப் பல்லு பாதி இல்லையாமே? நடக்கவே கஷ்டமாமே? அப்படியும் ரொம்ப நாள் இருந்தாருன்னா, கூட இருந்தவங்க பாத்துக்கிட்டிருக்கணும்னீங்க. டீ கிளாஸோட அப்படியே நின்னுட்டேன். முட்டாப் பயலுகளுக்கு அது தெரிஞ்சிருக்கு.

எழுதறீங்களா? நிமித்தலாம்னா? நல்லா இருப்பீங்க மேடம்.

எனக்கு ஒண்ணும் இல்ல, பெஞ்சுல இருக்கறவருக்குத்தான் ரொம்ப நேரம் உக்காந்தா கால் மரத்துரும். எங்க அண்ணன். வேலை பாத்து ஓய்வானவங்களுக்கு டிக்கெட் வேணாம்னு ரூல் உண்டு, பாதில அனுப்பினவங்களுக்கு அது செல்லாதாம். உன் முதுகு தப்புன்னு கண்டுபிடிச்சிட்டாங்க, சரி பண்ண ஆள் வந்திருக்குன்னு நேத்து சொன்னேன். இன்னிக்கு விடியறதுக்குள்ள சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டாரு. நிமிந்தா எவ்வளவு உயரம் இருப்போம்னு அவருக்கே மறந்து போச்சாம்.

கணக்குப் போட்டு அந்த உயரத்த மட்டும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மேடம். அவருக்குக் காது மந்தம்.