பவுனு புரண்ட பகல்

சரோஜா: கைய எடுக்காத டாக்டரம்மா... எடுக்காத! உள்ள இன்னா தட்டுப்படுது, அத்த சொல்லு மொதல்ல.

ரேணுகா: இருங்கக்கா. வழி நேரா போகல... திருகிட்டுப் போகுது. பவுனு... ஒண்ணுமில்லடா தங்கம், கொஞ்சம் நில்லு...

முனிசாமி: எரும நிக்கும். எங்க அண்ணிதான் நிக்க மாட்டாங்க. விடிஞ்சதுலேர்ந்து இந்தக் கொட்டாயவே சுத்திகினு கீறாங்க.

சரோஜா: நீ வால ஒழுங்கா புடிடா முனிசாமி. டாக்டரு மூஞ்சில அடிச்சிடப் போவுது.

முனிசாமி: அதெல்லாம் அடிச்சி முடிச்சாச்சி. கண்ணாடியப் பாருங்க, முழுக்க சாணி.

ரேணுகா: பரவால்ல விடுங்கண்ணே. அக்கா, நேத்து எப்ப வலி எடுத்துச்சு?

சரோஜா: பொழுது சாயச்சொல்லோ. படுக்குது, எழுந்துக்குது, வயித்த ஒதைச்சிக்குது. இத்தினி நேரம் ஆவுது, தண்ணிக்குடம் கூட ஒடையல.

ரேணுகா: எப்படி உடையும்? கன்னுப்பையே முறுக்கிட்டு இருக்கு.

முனிசாமி: முறுக்கிகிச்சா?

ரேணுகா: ஈரத்துண்ட ரெண்டு கையால பிழிவீங்கல்ல? அந்த மாதிரி. பை அப்படியே வலப்பக்கமா சுத்திக்கிச்சு. கன்னு வர்ற வழி மூடிப்போச்சு. இது எவ்வளவு முக்கினாலும் வராது.

சரோஜா: அப்ப... அவ்ளோதானா?

ரேணுகா: அக்கா, பொறுங்க! ரெண்டு விரல் போகுது... இன்னும் கொஞ்சம்... பவுனு, அசையாத... ஏதோ கெட்டியா... குளம்பு! அக்கா, குளம்பு!

சரோஜா: உசுரு? உசுரு கீதா?

ரேணுகா: கிள்ளிப் பாக்கறேன்...

சரோஜா: இன்னாம்மா? வாயத் தொறயேன்!

ரேணுகா: இழுத்துக்கிச்சு! கால இழுத்துக்கிச்சுக்கா! உள்ள உயிரோட இருக்கு!

முனிசாமி: அடி சக்க!

சரோஜா: முனிசாமி... நீ ஓடு.

முனிசாமி: எங்க?

சரோஜா: ரோட்டுக்கு.

முனிசாமி: ரோட்டுக்கு எதுக்கு... ஓ. அதுக்கா? இன்னான்னு சொல்றது?

சரோஜா: வோணாம்னு சொல்லு. வேற ஒண்ணியும் பேசாத. வால எங்கிட்ட குட்துட்டு ஓடு!

ரேணுகா: ரோட்டுல யாருக்கா?

சரோஜா: கொத்தனாரு. தொ, பக்கத்துல புது வூடு கட்டிகினு கீறோம் பாரு, அதுக்கு. இன்னிக்கு வேல வோணாம்னு சொல்ல அனுப்பினேன். நீ ஆவறதப் பாரு தாயி.

ரேணுகா: ஒரு நிமிஷம். எங்க புரொபசருக்கு போன் போட்டுடறேன். ஆபரேஷன் பண்ற சாமான் எல்லாம் அவர் வண்டியிலதான் இருக்கு... சார்! ரேணுகா பேசறேன் சார். அச்சரப்பாக்கத்துல, மாடுங்களுக்கு ஸ்கேன் எடுக்க வந்த இடத்துல... ஆமா, எருமை. முறுக்கு சார், வலப்பக்கம்... கன்னு உயிரோட இருக்கு... நீங்க எங்க இருக்கீங்க? இன்னும் பரனூர் டோல்கேட்லயா? நகரவே இல்லியா?... அது வரைக்கும் தாங்காது சார். மாட்டுக்குக் கண்ணெல்லாம் வெளிறிப்போச்சு... யாரு, நானா?... ஆமா... தெரியும் சார்... அதே மாதிரிதான்... சரி சார். செய்யறேன்.

சரோஜா: இன்னா சொல்றாரு உங்க வாத்தியாரு?

ரேணுகா: அவர் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்னு சொல்றாரு.

சரோஜா: அப்ப வயித்த அறுக்கப் போறதில்லியா?

ரேணுகா: அறுக்க வேணாம். புரட்டப்போறோம்.

சரோஜா: எத்த?

ரேணுகா: பவுனத்தான். பை எந்தப் பக்கம் முறுக்கியிருக்கோ, அதே பக்கமா மாட்டப் புரட்டணும். வயித்து மேல ஒரு நீளப் பலகைய வெச்சு ஒருத்தர் ஏறி நின்னா, பை உள்ள நகராம அப்படியே நிக்கும். மாடு மட்டும் சுத்தும். முறுக்கு பிரிஞ்சிடும்.

சரோஜா: செனை மாட்டு மேல ஏறி நிக்கிறதா? இன்னாம்மா, டபாய்க்கிறியா?

ரேணுகா: நெஜமாத்தான்க்கா. நான் ஆராய்ச்சி பண்றதே இதுலதான்.

சரோஜா: இது வரைக்கும் எத்தினி எருமையப் புரட்டி கீற?

ரேணுகா: ...நிறைய.

சரோஜா: நிறையன்னா?

ரேணுகா: தோளு கழண்டு போற அளவுக்கு. பலகை இருக்காக்கா?

சரோஜா: சென்ட்ரிங் பலக கீது. ஆவுமா?

ரேணுகா: அதேதான்! அதேதான் வேணும்! கயிறு? ஆளுங்க?

சரோஜா: ஏரிக்கரையில நூறு நாள் வேலக்காரிங்க கீறாளுங்க. ஒரு கொரல் குட்தா ஓடியாருவாளுங்க. ஏய் பூங்கொடீ! எல்லாரையும் இட்டுகினு வாடீ! மம்பட்டிய போட்டுட்டு வா!

முனிசாமி: அண்ணி... சொல்லிட்டேன். கத்தறான். டீசல் போட்டுகினு வந்தேன், அத்த யாரு குடுப்பாங்கன்னு...

சரோஜா: சரி, சரி, வுடு!

ரேணுகா: கொத்தனாருக்கு எதுக்கு டீசல்?

முனிசாமி: கொத்த...?

சரோஜா: கலவ மிஷினு வெச்சிகினு கீறான் அவன். முனிசாமி, மொகத்தப் பாத்துகினு நிக்காத. பலகைய எட்தா!

ரேணுகா: அக்கா, இந்த மண்ணு மெத்துனு இருக்கு, இங்கயே சாய்ச்சிடலாம். வலப்பக்கம் கீழ. எல்லாரும் மெதுவா... தலைய ஒருத்தர் மடியில வெச்சுக்கோங்க. கொம்பு பத்திரம். முன்னங்கால் ரெண்டையும் சேத்துக் கட்டுங்க. பின்னங்கால் தனியா... அவ்வளவுதான். பலகைய இப்படி வைங்கண்ணே. ஒரு முனை வயித்துல, ஒரு முனை தரையில. இப்ப ஏறுங்க.

முனிசாமி: யாரு, நானா?

ரேணுகா: நீங்கதான்.

முனிசாமி: ஒதைச்சா?

சரோஜா: கால கட்டி கீதுடா!

முனிசாமி: முழிச்சிப் பாக்குது அண்ணி.

சரோஜா: நீ அதும்மேல ஏறினா பின்ன சிரிக்குமா? ஏறு!

ரேணுகா: ரெடியா? நான் சொல்றப்ப கால் கயித்த இழுத்து அந்தப் பக்கமா புரட்டணும். வேகம் வேணாம். சேந்தாப்பல... இழுங்க! இழுங்க! இன்னும்... அண்ணே! எங்க போறீங்க?

முனிசாமி: யம்மாடி! சாய்ச்சிப்புடுச்சிங்க!

சரோஜா: சாய்க்கல. நீயேதான் குதிச்ச.

ரேணுகா: இருங்க, இருங்க. உள்ள பாக்கறேன்... 

சரோஜா: பிரிஞ்சிதா?

ரேணுகா: இல்லக்கா. அப்படியேதான் இருக்கு.

சரோஜா: இன்னும் இறுகிடுச்சா?

ரேணுகா: இறுகல... இறுகலன்னுதான் நெனைக்கிறேன். கொஞ்சம் யோசிக்க விடுங்க. பக்கம் சரி. வலதுதான்... மடிப்பு இப்படித்தான் போகுது... ஆங்! அண்ணே, மாடு அசைஞ்ச உடனே நீங்க இறங்கிட்டீங்க. அழுத்தம் போனதும் பையும் கூடவே சுத்திடுச்சு. முழுசா புரண்டு முடியற வரைக்கும் பலகை மேலயே நிக்கணும்.

முனிசாமி: என்னால ஆவாதுங்க.

சரோஜா: தள்ளு. நான் ஏறறேன்.

முனிசாமி: அண்ணி! நீங்க ஏறினா எரும தாங்குமா?

சரோஜா: மூடு வாய. டாக்டரம்மா, நான் ஏறலாமா, கூடாதா?

ரேணுகா: உங்க எடைதான்க்கா வேணும். ஏறுங்க!

முனிசாமி: பாத்தீங்களா, டாக்டரே சொல்லிட்டாங்க.

சரோஜா: அப்புறம் கீது உனக்கு... பவுனு, பொறுத்துக்கோடி. உன் நல்லதுக்குத்தான் மிதிக்கிறேன். உன் கன்னுக்கோசரம்... பொறுத்துக்கோடி யம்மா...

ரேணுகா: அக்கா, அழாதீங்க, சறுக்கிடும். கண்ண நேரா வைங்க. அண்ணே, நீங்க கயித்தப் புடிங்க. எல்லாரும் ஒரே மூச்சா... இழுங்க!

முனிசாமி: ஏலோ! இழு! ஏய் பூங்கொடி, தூங்காத, இழு!

ரேணுகா: மெதுவா! அக்கா, நில்லுங்க, நில்லுங்க... எறங்காதீங்க...

சரோஜா: நிக்கிறேன்! நீ அத்தப் பாரு!

ரேணுகா: இன்னும் கொஞ்சம்... புரண்டாச்சு! அப்படியே புடிச்சுக்கோங்க, விடாதீங்க! கைய உள்ள விடறேன்... ஐயோ...

சரோஜா: இன்னா ஐயோ? இன்னா ஐயோ?

ரேணுகா: முழங்கை வரைக்கும் போகுதுக்கா! தோள் வரைக்கும் போகுது! வழி தொறந்துடுச்சு! அக்கா... அம்மா!

முனிசாமி: அண்ணி, தண்ணிக்குடம்! டாக்டர குளிப்பாட்டிடுச்சி!

ரேணுகா: அடிக்கட்டும்ணே! எவ்வளவு வேணா அடிக்கட்டும்! கால் கட்ட அவிழுங்க! ரெண்டு கால் கெடச்சிடுச்சு... மூக்கு... தலை நேராத்தான் இருக்கு. அக்கா, இறங்கி வாங்க, இந்தக் காலப் புடிங்க. அது முக்கறப்ப மட்டும் இழுக்கணும்.

சரோஜா: முக்குடி பவுனு, முக்கு!

ரேணுகா: வருது... வருது... நிறுத்துங்க, மூச்சு வாங்கட்டும். இப்ப... இழுங்க!

முனிசாமி: நாக்கு தெரியிது! மூஞ்சி வந்துடுச்சி! 

சரோஜா: என் சாமி... என் சாமி...

ரேணுகா: வந்தாச்சு!

முனிசாமி: கெடேரி! அண்ணி, கெடேரிக் கன்னு!

சரோஜா: ஏன் அது அசையல?

ரேணுகா: தள்ளுங்க. மூக்குல சளி... வைக்கோல் குடுங்க, நல்லா தேய்ங்கக்கா, நெஞ்சத் தேய்ங்க, பயப்படாம அழுத்தித் தேய்ங்க. அண்ணே, பின்னங்கால தூக்குங்க... போதும், கீழ விடுங்க. ஒரு துரும்பு குடுங்க, மூக்குக்குள்ள... வா... வாடா... தும்மு... வா... இவ்வளவு தூரம் வந்துட்டு...

முனிசாமி: தும்மிச்சி! டாக்டரம்மா, எம்மேல தும்மிடுச்சி!

ரேணுகா: தலைய ஆட்டுதுக்கா! பாருங்க, காத ஆட்டுது!

சரோஜா: ஏய் பவுனு... திரும்பிப் பாருடி. தொ, உன் பொண்ணு. நக்கு... நக்குடி ராசாத்தி.

முனிசாமி: பூங்கொடிங்க எல்லாம் கொலவ போட்றாளுங்க பாருங்க. கல்யாண வூடு கணக்கா கீது.

ரேணுகா: போன் அடிக்குது... என் கை பூரா... அண்ணே, அந்தப் பச்சைய அமுக்கி காதுல வைங்க. சார்! பொறந்தாச்சு சார்! ரெண்டாவது தடவையிலயே பிரிஞ்சிடுச்சு! தாயும் நல்லா இருக்கு, கன்னும் நல்லா இருக்கு... கேக்குதா சார், கொலவ சத்தம்? கையில தெரிஞ்ச மடிப்பு அப்படியே மாடல்ல இருக்கற மாதிரி சார்! அச்சு அசல்! பசங்களுக்குச் சொல்லணும் சார், உடனே சொல்லணும்! திரும்பிடாதீங்க, வாங்க. வந்து பாருங்க!

முனிசாமி: மாடலா? அது இன்னாங்க மாடலு?

ரேணுகா: அது... ஒண்ணுமில்லண்ணே.

சரோஜா: உக்காரு டாக்டரம்மா. இந்தா, இந்த டீய குடி.

ரேணுகா: அக்கா... நான் ஒண்ணு சொன்னா திட்டுவீங்களா?

சரோஜா: சொல்லு.

ரேணுகா: நிறைய எருமையப் புரட்டியிருக்கேன்னு சொன்னேன்ல? அது... எல்லாமே பொம்மை.

முனிசாமி: பொம்ம எருமையா!

ரேணுகா: நான் செஞ்சதுதான். லாரி டியூப்பு, கோணிப்பை, உள்ள ரப்பர்ல ஒரு கன்னுக்குட்டி. எங்க காலேஜ்ல படிக்கிற பசங்க நேரா உயிருள்ள மாட்டுல கத்துக்க வேணாம், அதுங்கள வதைக்க வேணாம், மொதல்ல இதுல பழகட்டும்னு... அதான்க்கா என் ஆராய்ச்சி. சார் கூட நின்னு புரட்டறதப் பாத்திருக்கேன். ஆனா கை வெச்சதில்ல. பொம்மையில பழகின கை நெஜ மாட்டுல வேலை செய்யுமான்னு இன்னிக்குக் காலை வரைக்கும் யாருக்குமே தெரியாது. எனக்கும் தெரியாது. பவுனுதான் மொதல்.

முனிசாமி: அய்யய்யோ... அது தெரியாம நான் பலக மேல ஏறி நின்னேனே!

ரேணுகா: நின்னீங்களா? குதிச்சீங்க... அக்கா, கோவமா? உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். சொன்னா விட மாட்டீங்களோன்னு பயந்துட்டேன். ஏதாவது பேசுங்கக்கா.

சரோஜா: நான் இன்னாத்த பேசறது? ரோட்டுல நின்னவன் கொத்தனாரு இல்லம்மா, அடிமாட்டு வண்டிக்காரன். ரெண்டும் பொழைக்காதுன்னு நெனச்சி விடியச்சொல்லோ நான்தான் போன் போட்டு வரச் சொன்னேன். உன் வண்டி சத்தம் கேட்டப்ப கூட, அவந்தான் வந்துட்டான்னு நெனச்சித்தான் அழுதுகினே படலத் தொறந்தேன்.