முடி நிறைய உள்ள முதலாளி

தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் மடியில் லேப்டாப் பை.

“ஏட்டி, ஒரு வழுக்கைத் தலைக்கு நான் முடி வச்சுக் குடுத்தேன்,” என்றாள் பைக்காரி.

நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

“ஒனக்கு வெப்சைட் வேலைதானே?”

“அதுலதான். கண்ணு தெரியாதவங்களுக்கு கம்ப்யூட்டரே சைட்ட வாசிச்சுச் சொல்லும்லா? படம் வந்தா, அதுல என்ன இருக்குண்ணு நாம எழுதி வைக்கணும். ஜவுளிக்கடை முதலாளிக்க படத்துக்கு ‘வழுக்கைத் தலை, சிரிச்ச முகம்’ணு எழுதினேன். ‘அவங்களுக்குத் தெரியவா போவுது? முடி நிறைய உண்டுண்ணு போடு’ண்ணாரு. போட்டேன்.”

“பொறவு?”

“கண்ணு தெரியாத டீச்சர் ஒருத்தங்க அதக் கேட்டுட்டு, கல்யாணப் பட்டெடுக்க வந்திருக்காங்க. வாசல்ல நிண்ணு, ‘முடி நிறைய உள்ள முதலாளிக்க கடை இதுதானா?’ண்ணு கேட்டிருக்காங்க. சேல்ஸ் பிள்ள, ‘இல்ல டீச்சர், அது எதிர்த்த கடை’ண்ணு கையப் புடிச்சு அங்க கொண்டு விட்டுட்டா.”

“அய்யோ மக்கா! இப்பம்?”

“வழுக்கைண்ணே எழுதச் சொல்லிட்டாரு. அதுவும் பெரிய எழுத்துல.”