ஆறாம் நாள் ஆட்டம்

— உதென்ன அம்மா, ரெண்டு கிலோ இறைச்சியோ? வாறது ஒரு ஆள்தானே.

— ஒரு ஆளெண்டாலும் உன்ரை கூட்டாளி. ஏழு வருசம் அமெரிக்காவிலை உன்னோடை விளையாடின பெடியன். உறைப்புக் குறைச்சுத்தான் போட்டனான். சாப்பிடுவானே?

— டெரிக் எல்லாம் சாப்பிடுவான். கரண்டியை இடது கையாலை பிடிப்பான், அதைப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ.

— நான் ஏன் பாக்கப்போறன்? இன்னும் அந்தக் கை சரிவரேல்லையே?

— தோளுக்கு மேலை தூக்க ஏலாது. பந்து எறிஞ்சு உழைச்ச கை. இப்ப ரெண்டு வயசு மகளைத் தூக்கிறதுக்கும் மற்றக் கைதான்.

— பாவம். விளையாட்டெண்டால் அடிபடும்தானே, நிர்மலன். உனக்கு முழங்கால் நோவோடை போச்சுது. முருகன் காத்தது எண்டு கோயிலிலை எல்லாருக்கும் சொன்னனான்.

— அப்பிடிச் சொல்லாதேங்கோ, அம்மா.

— ஏன் சொல்லக்கூடாது? நூற்றி நாப்பது கிலோ ஆக்கள் உன்னிலை வந்து மோதேக்கை இஞ்சை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவள் நான். சனம் கேக்குது, உங்கடை மகன் எத்தினை கோல் அடிச்சவர் எண்டு. என்னத்தைச் சொல்ல? பந்தைத் தொடாமலே பந்து விளையாடினவன் நீ.

— அமெரிக்கன் ஃபுட்போலிலை என்ரை வேலை அது இல்லையம்மா. எறியிறவனுக்கு முன்னாலை நிண்டு வாறவங்களை மறிக்கிறது. மூண்டு செக்கன் மறிச்சால் காணும், டெரிக் எறிஞ்சிடுவான். ஒழுங்கா மறிச்சால் என்ரை பேர் ஒருத்தருக்கும் தெரியாது. விட்டால்தான் தெரியும்.

— சரி, இப்ப ஏன் முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறாய்? கூட்டாளி வாற நாளிலை.

— இண்டைக்கு அவனுக்கு உண்மையைச் சொல்லப்போறன்.

— என்ன உண்மை? அவன்ரை கை முறிஞ்ச அண்டைக்கு ஈரப் புல்லிலை நீ சறுக்கினனீ எண்டு ரிவியிலையும் சொன்னவை.

— நான் சொன்னதைத்தான் அவையும் சொன்னவை. புல்லு காய்ஞ்சுதான் கிடந்தது. அவன் என்னெண்டால், தான்தான் பந்தைக் கனநேரம் வைச்சிருந்தது, என்னிலை பிழையில்லை எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறான்.

— அப்ப என்னடா நடந்தது?

— போன வருசக் கந்தசஷ்டி, அம்மா. உங்களுக்கு நெஞ்சிலை ஸ்டென்ட் வைச்சு ரெண்டு மாசம். இன்சுலின் வேறை. ஆறு நாள் பட்டினி கிடந்தால் உயிருக்கே ஆபத்து எண்டு டொக்டர் சொன்னவர். நீங்கள் கேக்கேல்லை.

— இருவது வருசமாப் பிடிச்ச விரதம். உனக்கெண்டு பிடிக்கத் தொடங்கினது.

— அப்பதானே சொன்னனான், உங்கடை விரதத்தை நான் பிடிக்கிறன், நீங்கள் சாப்பிடுங்கோ எண்டு.

— ஓம், சொன்னனீ.

— பிடிச்சனான்.

— என்ன?

— ஆறு நாளும். பகல் முழுக்கத் தண்ணி, பின்னேரம் ஒரு கோப்பை பால்.

— மச் விளையாடேக்கையோ? காலமையிலை எட்டு முட்டை சாப்பிடுற ஆளெல்லோ நீ!

— சாப்பிடுறதும் எங்கடை வேலைதான் அம்மா. நிறை குறைஞ்சால் கேள்வி வரும். வெள்ளிக்கிழமை நிறுக்கேக்கை ரெண்டு லீற்றர் தண்ணி குடிச்சிட்டு ஏறினனான். ஆறாம் நாள்தான் லண்டனிலை மச். டொட்டன்ஹாம் மைதானம், எங்கடை எட்மண்டன் வீட்டுக்குக் கிட்ட.

— நான் அந்த நேரம் கோயிலிலை சூரன்போர் பாத்துக்கொண்டு நிண்டனான்.

— மச் முடியிறதுக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கண் இருட்டிச்சுது. கால் எழும்பேல்லை. எதிர்ப்பக்கத்தான் என்னைச் சுத்திக்கொண்டு டெரிக்கிட்டைப் போயிட்டான். திரும்பிப் பாக்க டெரிக் நிலத்திலை. எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டது. நான்தான் அந்தக் கையை முறிச்சனான்.

— ஐயோ, அப்பிடிச் சொல்லாதை ராசா.

— எனக்கு ஏலாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் வேறை ஒருத்தனை விட்டிருப்பினம். வெக்கத்திலை சொல்லேல்லை. பேந்து முழங்கால் சரியில்லை எண்டு இன்னொரு பொய். அதோடை விளையாட்டையும் விட்டிட்டு வந்திட்டன்.

— அவனுக்குச் சொல்லாதை, தம்பி. சொன்னால் கை திரும்பி வருமே?

— வராது. ஆனால் அவன் தன்ரை பிழை எண்டு நினைச்சுக்கொண்டு காலம் முழுக்க இருக்கக்கூடாது.

— வீட்டுக்கு வாற பிள்ளை. சாப்பாட்டு மேசையிலை வைச்சே உதைச் சொல்லப்போறாய்?

— சொல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு ஆறுதல்தான் இருக்கு அம்மா. அந்த ஆறு நாளும் பின்னேரத்திலை போன் எடுத்துக் கேட்டனான், சாப்பிட்டனீங்களோ எண்டு. ஒருநாள் புட்டெண்டியள், ஒருநாள் சோறெண்டியள். அவன்ரை கை போனாலும் என்ரை அம்மா நேரத்துக்குச் சாப்பிட்டவ, உயிரோடை இருக்கிறா. அதை நினைச்சுத்தான் நான் நித்திரை கொள்ளுறது.

— அடுப்பை நிப்பாட்டு.

— இறைச்சி இன்னும் அவியேல்லையே.

— நிப்பாட்டு எண்டு சொல்லுறன். இப்பிடி வந்து இரு.

— என்னம்மா, சுகர் இறங்கிட்டுதோ?

— நீ விளையாடுற பிள்ளை, பட்டினி கிடக்க மாட்டாய், என்னைச் சாப்பிடப் பண்ணத்தான் பொய் சொல்லுறாய் எண்டு நினைச்சன். உனக்கெண்டு பிடிக்கிற விரதத்தை நான் எப்பிடி விடுறது?

— அம்மா, என்ன சொல்லுறியள்?

— அந்த ஆறு நாளும் நானும் பச்சைத்தண்ணியோடைதான் கிடந்தனான்.