அதிராத பட்டி

2024 நவம்பர் பதினான்காம் நாள், காலை ஆறேகால் மணி. வாடைக்காற்றுடன் மெல்லிய தூறல். ஈரத்தில் வார் வழுகும் என்பதால், மீன் சுமக்கும் பாலேஸ்வரி அக்காவின் இடுப்பில் பட்டியை நானே இறுக்கிவிட்டேன்.

அப்பட்டியை வடிவமைத்தவள் நான். இறங்குதுறையில் படகிலிருந்து லொறிக்குத் தலைச்சுமையாக மீன் கொண்டுசெல்லும் பெண்களுக்காகக் கொம்பனி அதைச் செய்வித்தது. செருப்பினுள் இருக்கும் உணரி பாரத்தை அறியும். முதுகில் இருப்பது வளைவை அறியும். இரண்டிலொன்று அளவை மீறினால் பட்டி இடுப்பில் அதிரும்.

முன்னர் அங்கே வேறு முறை இருந்தது. கூடையைத் தலைக்குத் தூக்கிவிடுபவள் கனத்தைத் தன் கையால் உணர்ந்து, கூடிப்போனால் மீனை அள்ளிக் கீழே போடுவாள். அவள் சொல்லுக்கு மறுசொல் இல்லை. பட்டி வந்தபின் அந்தக் கையை எவரும் கேட்கவில்லை. அது என் பிழை அன்று.

அன்று நான் செய்ததற்கு நீங்கள் காரணம் கேட்கிறீர்கள், காரணம் எளியது. சரியான அளவு எது என்பது எனக்குத் தெரியவில்லை. நூல்கள் தரும் எண் பிறநாட்டு உடல்களுக்குரியது. இந்தப் பெண்களின் முதுகு எவ்விடத்தில் இணங்க மறுக்கும் என்பதை அறிய, ஒரு முதுகு அவ்விடம்வரை சென்றாக வேண்டும். அக்காவைத் தேர்ந்தது பகையால் அன்று. அவருடைய நடை ஒழுங்கானது. பதிவில் பிசிறு இராது. அன்று அவருடைய பட்டியின் அதிர்வை மட்டும் நிறுத்தினேன். கூடையைச் சற்றுக் கூடுதலாக நிறைக்கும்படியும் சொல்லிவைத்தேன்.

தூக்கிவிட வந்த தக்சாயினி தயங்கினாள். “அக்கா, உது சரியான பாரம். கொஞ்சத்தைக் கொட்டுவம்.”

“பட்டி பேசாமல் கிடக்குதடி. உன்ரை கைக்குத் தெரிஞ்சது வித்தியா பிள்ளையின்ரை மிசினுக்குத் தெரியாதோ?” என்ற அக்கா என் பக்கம் திரும்பினார். “என்ன பிள்ளை, உது நித்திரையோ?”

“இல்லை அக்கா. உங்களுக்கு உது பாரமில்லை.”

“கேட்டியோடி? நான் இன்னும் குமர்தான்,” என்று சிரித்தார்.

என் கைபேசித் திரையில் அவருடைய பட்டியின் பதிவுக் கோடு ஏறியது. சிவப்பைக் கடந்த பின்னும் அவர் நடந்தார். லொறியின் பலகையில் கால் வைத்தபோது விழுந்தார். கோடு அழகாக முறிந்தது. அத்தகைய தெளிவான பதிவு எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

இடுப்புக்குக் கீழே அவருக்கு இப்போது உணர்வில்லை. வேலைக் காயம் என ஏற்றால், கொம்பனி அவரை வாழ்நாள் முழுவதும் பராமரிக்க வேண்டும். பட்டி எச்சரித்ததா என்று விசாரணையில் கேட்டார்கள். இல்லை என்றேன், அது உண்மை. எச்சரிக்கை இல்லையேல் மிகைச்சுமையும் இல்லை, ஆகவே இது வேலைக் காயம் அன்று என்று முடிவு எழுதப்பட்டது. பட்டிக்குப் பொறுப்பானவள் என்பதால் எழுதியவள் நான், கையொப்பமும் என்னுடையது.

அதைத் தபாலில் அனுப்புவது மரியாதை அன்று என்பதால் நானே கொண்டுசென்றேன். அக்கா பாயில் கிடந்தார்.

“உம்மடை மிசினிலை பிழையில்லைப் பிள்ளை,” என்றார். “என்ரை முதுகுதான் பழசு.”

அவர் நீட்டிய கை எட்டவில்லை. நான் முழங்காலை மடித்து, முதுகை நேராக வைத்தபடி தாழ்ந்து, தாளை அந்தக் கையில் வைத்தேன். அப்படித்தான் தாழ வேண்டும் என்று அவர்களுக்குப் பலமுறை கற்பித்திருக்கிறேன்.