மச்சானுக்கு ஏற்ற விமானம்

மீன் வாங்குவதில் நான் அவசரப்படுகிறவனல்ல, மரைக்காயரே. கல்முனைச் சந்தையில் என்னைக் கண்டாலே மீன்காரர்கள் சிரிப்பார்கள். பாரையின் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், கண்ணைப் பார்ப்பேன், வயிற்றை அழுத்திப் பார்ப்பேன், பிறகு அடுத்த கடைக்குப் போய்விடுவேன். ஒரு நேரக் கறிக்கே இவ்வளவு பார்க்கிற ஹிஷாம், சாகக் கிடக்கும் மச்சானைக் கொண்டுபோகிற விமானத்தைக் கண்ணை மூடிக்கொண்டா பிடிப்பான்? இதற்குப்போய் விசாரணை என்று பள்ளிவாசலுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். தேத்தண்ணீரும் தந்திருக்கிறீர்கள். சீனி கொஞ்சம் கூட, ஆனாலும் குடிக்கலாம்.

முறைப்பாடு கொடுத்தது என் கூடப்பிறந்த ராத்தா ஸாலிஹா. கொடுக்கட்டும். கணவனை இழந்தவளுக்கு யார்மேலாவது கோபம் வரத்தான் செய்யும்.

மச்சான் மீராமுகைதீனைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவருடைய ஆலை அரிசியைச் சாப்பிடாத வீடு இந்த ஊரில் இல்லை. ஈரல் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்று காலை டொக்டர் எங்களை வெளியே அழைத்து, இன்றைக்குள் சென்னைக்குக் கொண்டுபோனால் ஆளைக் காப்பாற்றலாம், நாளை என்றால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள்? ஊரில் பாதிப் பேரை மக்காவுக்கும் மீதிப் பேரைக் கட்டாருக்கும் டிக்கட் போட்டு அனுப்பியவன் நான்.

வாடகைக்கு இரண்டு ஜெட்கள் இருந்தன. ஒன்று சின்னது. கோழிக்கூட்டுக்குள் நுழைகிற மாதிரிக் குனிந்துதான் ஏறவேண்டும். நோயாளிக்கும் டொக்டருக்கும் போக இரண்டே பேருக்கு இடம். மற்றது நடுத்தர அளவு. உள்ளே நிமிர்ந்து நடக்கலாம், கழிவறைக்குக் கதவு உண்டு, தோல் இருக்கைகள், சுடச்சுடத் தேத்தண்ணீர். கூடப் போக ஐந்து பேருக்கு இடம். படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவு அழகு.

ஒரு சின்ன வித்தியாசம் இருந்தது. சின்னது அன்று பின்னேரமே மட்டக்களப்பில் இறங்கும். நம் ஊரிலிருந்து ஒரு மணித்தியாலப் பாதை. பெரியதற்கு அந்த ஓடுபாதை காணாது. அது மறுநாள் காலைதான் வரும், அதுவும் மத்தளைக்கு. பொத்துவில், மொனராகலை எல்லாம் தாண்டி நாலைந்து மணித்தியாலம் அம்புலன்ஸ் போகவேண்டும்.

ராத்தா வீட்டு முற்றத்தில் இரண்டு பக்கத்தாரும் கூடினார்கள். சின்னதைப் பிடித்தால் ராத்தாவும் மச்சானின் தம்பி மிஹ்லாரும் போவது என்று பேச்சு. அப்போது நான் ஒரு நியாயத்தைச் சொன்னேன்.

"மாப்புள பக்கத்தால மிஹ்லார் போறார், சரி. பொண்ணுட குடியில ஒரு ஆம்புள போகாட்டி நாளைக்கு ஊரு என்ன கதைக்கும்?"

இந்த ஊரில் டொக்டருடைய பேச்சை மறுக்கலாம், தாய்வழிக் குடி வழக்கத்தை மறுக்க ஒருவனுக்கும் தைரியம் வராது. தன் ஆட்களே போகவேண்டும் என்று நினைத்த மிஹ்லார்கூட, "அதுவும் ஞாயந்தான்" என்றார். நம் குடிக்குத் தலைவராக, மரைக்காயராக நீங்களும் அங்கே கதிரையில் இருந்தீர்கள். தலையாட்டினீர்கள். குறையாகச் சொல்லவில்லை, நினைவூட்டுகிறேன்.

ராத்தா மட்டும்தான் அறைக்குள்ளிருந்து எழும்பி வந்தாள்.

"குடியும் வேணா ஒரு மண்ணும் வேணா. சின்னதப் புடி ஹிஷாம். ஊரு என்னவும் கதைக்கட்டும், நானும் மிஹ்லாரும் போறம். மனிசன் பொழச்சாக் காணும்."

அதற்குப் பிறகு யாரும் வழக்கம் பேசவில்லை. நான் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே ஒழுங்கைக்குப் போனேன். திரும்பி வந்து, சின்னதை வேறு ஆட்கள் பிடித்துவிட்டார்கள், பெரியதுதான் இருக்கிறது என்றேன். ராத்தா உள்ளே போய் மச்சானின் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

நீங்கள் காரணம் கேட்கிறீர்கள். மச்சான்மேல் எனக்குக் கோபம் இல்லை, அல்லாஹ் அறிவான். பொறாமை இருந்தது. அதை ஏன் மறைக்கவேண்டும்? இந்த ஊரையே விமானம் ஏற்றிய நான் ஒருதரமும் ஏறியதில்லை. ராத்தாவும் மச்சானும் உம்றாவுக்கு மக்கா போனபோது கட்டுநாயக்கா விமான நிலைய வாசல்வரை பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். மச்சான் என் முதுகில் தட்டி, "நீ ஊரையே ஏத்தி அனுப்புற ஆள், ஒனக்கு என்னத்துக்குகா பிளேன்" என்றார். நல்ல மனிதர், பகிடிக்குத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வேனில் தனியாகத் திரும்பி வரும்போது அழுதேன்.

ஜெட் வாடகைக்கு விடும் கொழும்பு முகவர் நிலையத்தில் வேலை செய்யும் சுஜித்தா உங்களிடம் சொல்லியிருப்பது உண்மைதான். ஒழுங்கையில் நின்று நான் பேசியபோது அவள், "அண்ணா, சின்னது நிக்குது. ஓம் எண்டு சொல்லுங்கோ, இப்பவே அனுப்புறன்" என்றாள். பிறகும் இரண்டுதரம் அவளாகவே எடுத்துக் கேட்டாள். பொறுப்பான பிள்ளை. பெரியதை அனுப்பு என்று நான்தான் சொன்னேன். சின்னதில் மச்சான் பிழைத்திருப்பாரா என்று கேட்டால், பிழைத்திருப்பார் என்றுதான் டொக்டர் சொல்கிறார். அவர் படித்தவர். நான் மறுக்கவில்லை.

கடுதாசி வேலைகளைப் பார்க்க நான் முதல்நாள் பின்னேரமே மத்தளைக்குப் போய்விட்டேன். ராத்தாவும் மிஹ்லாரும் விடியச் சுபஹு தொழுதுவிட்டு மச்சானோடு அம்புலன்ஸில் புறப்பட்டார்கள். விமானம் வெயிலில் மினுங்கிக்கொண்டு வந்து இறங்கியது. படத்தில் பார்த்ததைவிட அழகு. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் மிஹ்லார் போன் எடுத்தார்.

"ஹிஷாம் மச்சான், எங்கட காக்கா மவுத்தாயிட்டார். பொத்துவிலுக்கு இஞ்சால கோமாரி கூடத் தாண்டல்ல. நாங்க திரும்புறம். கெதியா வாங்க, பகல் லுஹரோட அடக்கிருவம்."

மச்சானுக்காக இன்னாலில்லாஹி ஓதினேன். உடனே புறப்பட்டிருந்தால் ஜனாஸாத் தொழுகைக்கு வந்து சேர்ந்திருக்கலாம். நான் ஏன் வரவில்லை என்று ஊரெல்லாம் கேட்கிறார்களாம். அதிர்ச்சியில் எங்கேயோ மயங்கிக் கிடந்தேன் என்று யாரோ நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கிறார்கள். அது பொய். பள்ளிவாசலில் இருந்துகொண்டு பொய்யை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

விமானி என்னிடம் வந்து நோயாளி எங்கே என்று கேட்டார். வரமாட்டார் என்றேன். அப்படியென்றால் வெறுமையாகச் சென்னைக்குத் திரும்பவேண்டியதுதான் என்றார். வாடகை முழுவதும் கட்டியாகிவிட்டது, மச்சானோடு போக எடுத்த விசாவும் என் கடவுச்சீட்டில் இருந்தது. வீண்விரயம் நம் மார்க்கத்தில் கூடாத காரியம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஜன்னலோரம் இருந்தேன். நீங்கள் அங்கே மச்சானைக் கபுறுக்குள் இறக்கிய நேரம் நான் முகிலுக்கு மேலே இருந்திருப்பேன். அவருக்காக யாஸீன் ஓதினேன். எதிரே ஸ்ட்ரெச்சர் விரித்தபடி கிடந்தது, அதன்மேல் காலை நீட்டிக்கொண்டேன். ஒரு குலுக்கம் இல்லை, ஒரு சத்தம் இல்லை. சென்னையில் இறங்கும்போது விமானியின் கையைப் பிடித்து, உயிருக்குப் போராடுகிற மனிதனுக்கு இதைவிடப் பொருத்தமான விமானம் அமையாது என்று சொன்னேன்.